முதலில் தாபரிப்பு, விவாகரத்து அப்புறம்

கேள்வி: நான் உப்புவெளியில் இருக்கிறேன். வயது 36. கலியாணம் நடந்து 12 வருடம். மகளுக்கு 11, மகனுக்கு 6. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை. மூன்று வருடமாக அங்கேயே அறை எடுத்து இருக்கிறார். போன வருடம் சித்திரையோடு காசு அனுப்புவதையும் நிறுத்திவிட்டார். கடைசியாக வந்தபோது சண்டையில் கை நீட்டினார். அங்கே வேறொரு பெண்ணோடு தொடர்பு என்றும் கேள்விப்படுகிறேன். இப்போது அவருடைய தமையன் ஒரு கடிதத்தோடு வந்து, "இரண்டு பேரும் விருப்பப்பட்டுப் பிரிகிறதுதானே, கையெழுத்து வைத்தால் மூன்று மாதத்தில் முடிந்துவிடும்" என்கிறார். கடிதம் சிங்களத்தில் இருக்கிறது, எனக்கு வாசிக்கத் தெரியாது. மாமி பிள்ளைகளை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போவோம் என்று சொல்கிறா. நாங்கள் இருப்பது என் சீதன வீடு. தையல் தைத்துத்தான் சமாளிக்கிறேன். லோயருக்குக் கொடுக்கக் காசில்லை. எதை முதலில் செய்வது? (கடிதத்தின் போட்டோவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.)

பதில்:

தங்கச்சி, அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்கவேண்டாம். திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். தமையன் மறுபடி வந்தால், "என் சட்டத்தரணியிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசத் தேவையில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். நீங்கள் அனுப்பிய மூன்று பக்கத்தையும் வாசித்தேன். முதல் பக்கம் பெயர், விலாசம், கலியாணத் திகதி. இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வசனம் இருக்கிறது: "நான் எனது சுயவிருப்பின் பேரில் கணவருடன் சேர்ந்து வாழ மறுத்து வருகிறேன், அவரிடமிருந்து எனக்குத் தாபரிப்பு எதுவும் தேவையில்லை." (தாபரிப்பு என்றால் வாழ்க்கைச் செலவுக்கு அவர் கொடுக்கவேண்டிய காசு.) மூன்றாம் பக்கம் ஒரு புரொக்சி, அதாவது உங்களுக்காகத் தோன்றச் சட்டத்தரணிக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம். சட்டத்தரணியின் பெயர் எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது, கீழே உங்கள் கையெழுத்துக்குப் புள்ளிக் கோடு. அதில் ஒப்பமிட்டால், அவர்கள் கொண்டுவரும் யாரோ ஒருவர் உங்கள் பெயரில் நீதிமன்றத்தில் நின்று உங்களுக்காகப் பேசலாம், சம்மதமும் சொல்லலாம். விட்டுப்போனவர் அவர். ஆனால் இந்தக் காகிதத்தின்படி விட்டுப்போனவர் நீங்கள். இரண்டு பேரும் விருப்பப்பட்டுப் பிரிகிற காகிதம் இல்லை இது.

இலங்கையின் பொதுச் சட்டத்தில் "இரண்டு பேரும் விரும்பிப் பிரிகிறோம்" என்பது விவாகரத்துக்கு ஒரு காரணமே இல்லை. 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்றே காரணங்களைத்தான் ஏற்கிறது: கலியாணத்துக்குப் பிறகு பிறரோடு உடலுறவு கொள்ளுதல், கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், கலியாணம் நடந்த நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு அல்லது அதற்கு ஒத்த குறை. ஆகவே நல்லபடியாகப் பேசிப் பிரிகிறவர்கள்கூட நீதிமன்றத்துக்கு வரும்போது ஒருவர் மற்றவரைக் குற்றம் சொல்லித்தான் வழக்கு வைக்கவேண்டும், மற்றவர் எதிர்க்காமல் இருப்பார். எங்கள் நாட்டுச் சட்டத்தில் எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிற இடம் இதுதான். மனம் ஒத்துப்போகாமல் கௌரவமாகப் பிரிய விரும்புகிற இரண்டு பேரை ஒருவர்மேல் ஒருவர் சேறு பூசவைக்கிறது. ஆனால் இன்றைய சட்டம் இதுதான். யார் பக்கம் பிழை என்று தீர்ப்பில் எழுதப்படுகிறதோ அவருக்குப் பிறகு நிரந்தரத் தாபரிப்புக் கேட்கும்போதும் சொத்துக் கணக்குப் பார்க்கும்போதும் அது குறுக்கே நிற்கும். அந்த இரண்டாம் பக்கத்து வசனத்தின் வேலை அதுதான்.

மூன்று மாதம் என்று தமையன் சொன்னதும் அரைகுறைச் செய்தி. மாவட்ட நீதிமன்றம் விசாரித்து விவாகரத்துத் தீர்ப்புக் கொடுத்தாலும் முதலில் வருவது தற்காலிக ஆணைதான். குறைந்தது மூன்று மாதம் கழிந்த பிறகே அது முடிந்த முடிவாகும். அதுவரைக்கும் சட்டப்படி நீங்கள் கணவன் மனைவிதான். அதற்குள் யாராவது மறுமணம் செய்தால் அந்தக் கலியாணம் செல்லாது, குற்றமுமாகும். வழக்குத் தொடங்கி அந்தத் தற்காலிக ஆணை வரைக்கும் எவ்வளவு காலம் எடுக்கும் என்பது வேறு கதை. எதிர்த்து நடந்தால் வருடக்கணக்காக இழுபடும். நீதிமன்ற வாசலில் நின்று "மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறேன்" என்று சொல்கிறவர்களிடம் காசு கொடுக்காதீர்கள்.

சரி, எதை முதலில் செய்வது? விவாகரத்தை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இன்று வேண்டியது சாப்பாட்டுக் காசும் பள்ளிச் செலவும். அதைக் கேட்பதற்கு விவாகரத்து வழக்குப் போடத் தேவையே இல்லை. நிறையப் பெண்களுக்கு இது தெரியாததால் வருடக்கணக்காகக் காசில்லாமல் இருந்துவிடுகிறார்கள். விவாகரத்துக் கேட்டால்தான் காசு கேட்கலாம் என்று நினைத்து, விவாகரத்துக்கு மனம் வராமல், இரண்டையும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் மனுப்போடலாம். அவர் கொழும்பில் இருக்கிறார் என்பதற்காக நீங்கள் கொழும்புக்கு அலையவேண்டியதில்லை, நீங்கள் இருக்கிற இடத்திலேயே கேட்கலாம். பிள்ளைகள் இருவருக்கும் 18 வயது வரைக்கும் கேட்கலாம். அதற்குப் பிறகும் படிப்பதற்கும் வாழ்வதற்கும் வழியில்லாத நிலை என்றால் 25 வயது வரைக்கும் அந்தப் பிள்ளைகள் கேட்க இடமிருக்கிறது. உங்களுக்கும் கேட்கலாம், ஆனால் உங்களால் உங்களைத் தாபரிக்க முடியவில்லை என்று காட்டவேண்டும். தையலில் வருகிற காசை மறைக்கவேண்டாம். மாதம் எவ்வளவு வருகிறது, நூலுக்கும் கரண்டுக்கும் எவ்வளவு போகிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தையல் தைக்கிற தாய் என்பதற்காகப் பிள்ளைகளின் உரிமை குறையாது. நீங்கள் மறைத்து எதிர்ப்பக்கம் கண்டுபிடித்தால்தான் உங்கள் வாக்குமூலம் முழுவதும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

அவர் சம்பளக்காரர் என்பது உங்களுக்குச் சாதகம். கட்டளை கிடைத்தும் அவர் கட்டாவிட்டால் சம்பளத்திலிருந்து கழித்து அனுப்பும்படி கம்பனிக்கே நீதிமன்றம் உத்தரவிடலாம். தொடர்ந்து தவறினால் மறியலும் உண்டு. ஆகவே கம்பனியின் சரியான பெயர், விலாசம், அவருடைய பதவி, முடிந்தால் ஒரு பழைய சம்பளத் துண்டு, இவற்றைத் தேடி எடுங்கள். வீட்டிலே பழைய கடன் விண்ணப்பம், காப்புறுதிக் கடிதம் எதிலாவது இருக்கும். அவர் காசு அனுப்பிய காலத்து வங்கிப் புத்தகமும் வேண்டும். சித்திரைக்குப் பிறகு அந்தப் பக்கம் வெறுமையாக இருப்பதுதான் நிறுத்திவிட்டார் என்பதற்குச் சாட்சி. தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் உங்களுக்குத்தான் நட்டம்.

வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பியவற்றை அழிக்காதீர்கள். குரல் செய்திகளையும்தான். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டுப் போனை விற்றுவிடாதீர்கள், அந்தப் போனே வேண்டிவரும்.

கை நீட்டியதை ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். நான் அப்படிக் கடந்துபோக மாட்டேன். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி அதே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, பிறகு விசாரித்து 12 மாதம் வரைக்குமான கட்டளை. அடி மட்டும்தான் வன்முறை என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை, மனதைத் தொடர்ந்து வதைப்பதும் இதற்குள் வரும். பொலிஸில் முன்பு முறைப்பாடு போடவில்லை என்பதற்காக உங்கள் உரிமை போய்விடாது. அவர் மறுபடி வந்து அப்படி நடந்தால் அன்றைக்கே பொலிஸ் நிலையத்தின் பெண்கள் சிறுவர் பிரிவுக்குப் போய் முறைப்பாடு போட்டு அதன் இலக்கத்தை எழுதி வாங்குங்கள். காயம் இருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், எப்படி வந்தது என்று டொக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். "படியில் விழுந்தேன்" என்று ஆஸ்பத்திரியில் சொன்ன ஒரு வசனம் பிறகு எத்தனையோ வழக்குகளைக் கெடுத்திருக்கிறது. அவசரத்துக்கு 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929.

பிள்ளைகள் விஷயம். மாமி சொல்வது பயமுறுத்தல்தான், ஆனாலும் அலட்சியப்படுத்தக் கூடாது. எங்கள் நாட்டில் இன்னமும் வழக்கிலிருக்கிற உரோம டச்சுச் சட்டத்தின் பழைய நிலைப்பாடு தகப்பனுக்குத்தான் முதல் உரிமை என்பது. இன்றைக்கு நீதிமன்றங்கள் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலன். பிள்ளை எங்கே படிக்கிறது, யார் பார்க்கிறார்கள், எந்த வீட்டில் பழகியிருக்கிறது என்பதையெல்லாம் பார்ப்பார்கள். உங்கள் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து உப்புவெளியில், உங்களோடு. அது உங்களுக்குப் பெரிய பலம். ஆனால் கட்டளை ஒன்று வரும்வரைக்கும் தகப்பனும் தகப்பன்தான். அவர் வந்து பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனால் அதிபரால் இலேசில் தடுக்க முடியாது. ஆகவே அதிபருக்கு இன்றே ஒரு கடிதம் கொடுங்கள்: பிள்ளைகளை அழைத்துப்போக வேறு யார் வந்தாலும், தகப்பன் உட்பட, முதலில் உங்களுக்குப் போன் எடுத்துச் சொல்லவேண்டும் என்று. பிரதியில் திகதியோடு ஒப்பம் வாங்குங்கள். அப்படியும் கொண்டுபோய் மறைத்து வைத்தால் மாகாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது பிள்ளைகளைக் கொண்டுவந்து முன்னிலைப்படுத்தக் கேட்கும் மனு, போடலாம். விவாகரத்து வழக்குத் தொடங்கினால் அதற்குள்ளேயே பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்ற இடைக்காலக் கட்டுக்காவல் கட்டளையும் கேட்கலாம்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிள்ளைகள் தகப்பனோடு போனில் பேசுவதைத் தடுக்காதீர்கள். மகளுக்குப் 11 வயது, எல்லாம் விளங்கும். அவர் காசு அனுப்பவில்லை என்ற கோபத்தை மகள் கையில் கொடுக்காதீர்கள். "அப்பாவைக் கேள், ஏன் ரியூசன் காசு அனுப்பவில்லை என்று" எனப் பிள்ளையைக் கேட்கவைக்கிற தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் முகத்தையும் பார்த்திருக்கிறேன். காசைக் கேட்கத்தான் நீதிமன்றம் இருக்கிறது.

வீடு. சீதன உறுதி உங்கள் பெயரில் என்றால் அது உங்கள் சொத்து, விவாகரத்தால் அவருக்குப் போகாது. ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது, அதைத்தான் நீங்கள் சட்டத்தரணியிடம் மறக்காமல் சொல்லவேண்டும். உங்கள் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். தேசவழமை என்பது வட மாகாணத் தமிழருக்கான வழக்காற்றுச் சட்டம். அது பொருந்துகிற ஆண் ஒருவரை, அது பொருந்தாத பெண் கலியாணம் முடித்தால், கலியாணம் நிலைத்திருக்கும் வரைக்கும் அந்தப் பெண்ணையும் தேசவழமை கட்டுப்படுத்தும் என்று 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்துவிட்டார் என்பதால் மட்டும் அது பொருந்திவிடாது, வட மாகாணத்தை நிரந்தர வாழ்விடமாகக் கொண்டவரா என்பது சாட்சியால் தீர்க்கவேண்டிய விஷயம். பொருந்தும் என்றால் இரண்டு விளைவு உண்டு. ஒன்று, வீடு உங்களுடையதாகவே இருந்தாலும், கலியாணம் நிலைத்திருக்கும் வரைக்கும் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. அவர் நியாயமில்லாமல் மறுத்தால் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். மற்றது உங்களுக்கு நன்மையானது. கலியாணத்துக்குப் பிறகு அவர் தேடிய சொத்து தேடியதேட்டம், அதில் உங்களுக்கும் பங்கு கேட்க இடமிருக்கிறது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அவர் காணி ஏதும் வாங்கினாரா என்று தெரிந்தால் எழுதி வையுங்கள். மூல உறுதியை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், சட்டத்தரணிக்கும் போட்டோப் பிரதி போதும். காணிப் பதிவகத்தில் ஒரு தடவை பதிவைப் பார்த்து, உங்களுக்குத் தெரியாமல் ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று உறுதிப்படுத்துவது நல்லது. அடைவு வைத்த நகை இருந்தால் அந்தத் துண்டுகளையும் எடுத்து வையுங்கள்.

விவாகரத்து வேண்டும் என்று நீங்களே ஒரு நாள் தீர்மானித்தால், வேறொரு பெண் கதையைப் பிடிக்காதீர்கள். கேள்விப்பட்டது நீதிமன்றத்தில் செல்லாது. அதை நிரூபிக்கவேண்டும், சம்பந்தப்பட்ட ஆளையும் வழக்குக்குள் கொண்டுவரவேண்டும், செலவும் மனவேதனையும் கூடும். உங்கள் கையில் அதைவிட உறுதியான காரணம் இருக்கிறது: கைவிட்டுப் போனார், காசும் நிறுத்தினார், திரும்பி வரும் எண்ணம் இல்லை என்பதற்கு அவர் தமையனிடம் அனுப்பிய காகிதமே சாட்சி. இன்னொன்றும் தெரிந்திருங்கள்: அடித்துத் துன்புறுத்தி மனைவியை வீட்டைவிட்டு வெளியேற வைத்தால், சட்டத்தின் கண்ணில் கைவிட்டவர் அந்த வெளியேற்றியவர்தான். ஏழு வருடம் பிரிந்திருந்தால் கலியாணம் தானாக முறியும் என்று ஊரில் சொல்வார்கள். தானாக எதுவும் முறியாது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் ஏழு வருடப் பிரிவு பற்றி ஒரு ஏற்பாடு இருக்கிறதுதான், ஆனால் அந்த வழியில் போனாலும் மற்றவரின் பிழையைக் காட்டவேண்டும் என்று 1986 இல் உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. (இதோடு ஒன்று: எழுத்து, அதாவது விவாகப் பதிவு, நடந்து தாலி கட்டாமல் குழம்பிப்போன கலியாணத்துக்கும் விவாகரத்து வழக்குத்தான் வேண்டும். எழுத்தே கலியாணம்.)

விவாகரத்து வழக்கை நீங்கள் குடியிருக்கிற இடத்து மாவட்ட நீதிமன்றத்தில், அதாவது திருகோணமலையிலேயே போடலாம். அவர் முந்திக்கொண்டு கொழும்பில் போட்டால் வழக்கு அங்கே சிங்களத்தில் நடக்கும். அப்படி நடந்தாலும் தமிழில் பங்குபற்றவும் மொழிபெயர்ப்புப் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தருகிறது. ஆனால் இரண்டு பிள்ளைகளோடு இரவு ரயிலில் வழக்குத் தவணைக்குத் தவணை கொழும்புக் கோட்டைக்குப் போய்வருவது யாருக்கு முடியும்? அழைப்பாணை வந்தால் மாத்திரம் ஒரு நாளும் மேசை லாச்சிக்குள் போட்டுவிடாதீர்கள். குறித்த நாளில் யாரும் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். அப்படி ஒரு தீர்ப்பாணை கையில் கிடைத்தால் அதை நீக்கக் கேட்பதற்கு 14 நாட்கள்தான்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் சகோதரிகளும் எழுதுகிறீர்கள். உங்கள் விவாகரத்தும் தாபரிப்பும் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காதி நீதிமன்றத்தில். அங்கே சட்டத்தரணிகள் தோன்ற முடியாது, ஆகவே போகுமுன் எழுதிக்கொண்டு ஆலோசனை கேட்டுப் போங்கள். வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லோருக்கும் பொதுவானது, அதற்கு நீதவான் நீதிமன்றம்தான்.

கடைசியாகக் காசு. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணியைத் தருகிறது. தாபரிப்பும் வீட்டு வன்முறையும் அவர்கள் அன்றாடம் பார்க்கிற வழக்குகள். திருகோணமலை நிலையத்துக்குப் போகும்போது கிராம சேவகரிடம் வருமானக் கடிதம், அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், தமையன் கொண்டுவந்த காகிதம், இவ்வளவையும் கொண்டுபோங்கள். சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். அங்கே போனால் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் சந்தித்துவிட்டு வாருங்கள். பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்பது இந்தக் காலத்தில் உங்களுக்குத் தேவை. போகுமுன் கலியாணத் திகதியிலிருந்து இன்றுவரை நடந்ததை வருட வரிசையில் இரண்டு பக்கத்துக்குள் எழுதிக்கொண்டு போங்கள். அழுகையோடு சொல்லும்போது முக்கியமான திகதிகள் விட்டுப்போகும்.

தனியார் சட்டத்தரணியிடம் போவதானால் முதல் நாளே கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு, தவணைக்கு எவ்வளவு, பற்றுச்சீட்டுத் தருவீர்களா என்று. கேட்பது மரியாதைக் குறைவில்லை. கணவருக்குத் தோன்றுகிற அதே சட்டத்தரணி உங்களுக்கும் தோன்ற முடியாது. உங்கள் புரொக்சியில் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகு ஒப்பமிடுங்கள், ஒவ்வொரு தவணையும் முடிந்ததும் வழக்கிலக்கத்தையும் அடுத்த திகதியையும் அந்தக் கொப்பியிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.